ரத்தினசபாபதி, எம்.

ஜூன் 7, வெள்ளி

வடவள்ளி உழவர் சந்தையில் வாங்கிய ஒரு கிலோ தக்காளி வீட்டுத் தராசில் 985 கிராம் இருந்தது. திரும்பிப் போய்க் கேட்டுவிட்டு வரலாம் என்று செருப்பை மாட்டினேன். இந்த வெயிலில் போய் வந்தால் தக்காளியை விட நீங்கள்தான் அதிகம் குறைவீர்கள் என்று சுலோசனா சொன்னாள். முப்பத்திரண்டு வருடம் முத்திரை ஆய்வாளராக இருந்தவனின் மனைவி பேசுகிற பேச்சா இது? கடை கடையாக ஏறித் தராசையும் படிக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் அரசு முத்திரை வைத்து, கோளாறாக இருந்தால் பறிமுதல் செய்த கை இது. ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

சாயங்காலம் மேகலா அரை கிலோ மைசூர்பாகோடு வந்தாள். நிறுத்துப் பார்த்தேன். பெட்டியோடு சேர்த்து 510. பரவாயில்லை.

மேகலா என் ஒரே மகள். சரவணம்பட்டியில் எலக்ட்ரானிக் தராசு செய்யும் கம்பெனியில் ஆராய்ச்சிப் பிரிவில் இருக்கிறாள். கல்யாணப் பேச்சை எடுத்தால் மாடிக்குப் போய்விடுவாள். அவளுடைய கண்டுபிடிப்புக்கான விண்ணப்பம் இன்றைய காப்புரிமை இதழில் வெளியாகியிருக்கிறதாம். என்ன கண்டுபிடிப்பு என்று கேட்டேன். நாலு தடவை சொல்லியாயிற்று என்றாள். நாலு தடவையும் டிவியில் செய்தி ஓடியிருக்க வேண்டும்.

ஐந்தாவது தடவை கவனமாகக் கேட்டேன். மருந்துக் கம்பெனி லேபில் வைத்திருக்கும் நுண் தராசில் கடைசி எண் ஒரு இடத்தில் நிற்காது. 3, 5, 4 என்று துள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் துள்ளலுக்குள் தராசு தன் ரகசியக் குறியை ஒளித்து வைக்கும். எடை மாறாது, கண்ணுக்கும் தெரியாது. ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்தால் வாட்டர்மார்க் தெரிகிறதே, இது எண்களுக்குள் இருக்கும் வாட்டர்மார்க். நிறுக்காமலே நிறுத்ததாக யாராவது எண்ணைத் தட்டி வைத்தால் அதில் குறி இருக்காது. ஆள் மாட்டிக்கொள்வான்.

நானும் அந்தக் காலத்தில் ஈய முத்திரையின் ஓரத்தில் யாருக்கும் தெரியாமல் ஒரு கீறல் போட்டு வைப்பேன், கள்ள முத்திரையைப் பிடிக்க. சின்ன வயதில் உனக்குக் காட்டியிருக்கிறேனே என்று நினைவுபடுத்தினேன். “ஆமாங்கப்பா” என்றாள். அந்த ‘ஆமாங்கப்பா’வை இங்கே குறித்து வைக்கிறேன்.

ஒரு சின்னச் சிக்கல். கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. முதலில் அவளுடைய மேலாளர் பிரகலாதன். இரண்டாவது ‘ரத்தினசபாபதி, எம்.’ கம்பெனி ஆபீஸில் படிவத்தை நிரப்பியவர், குடும்பப் பெயர் கேட்ட கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டார். நம் ஊரில் குடும்பப் பெயருக்கு எங்கே போவது? அதனால் நான் முழுசாக நிற்கிறேன், மேகலா ஒரு ‘எம்’ஆகச் சுருங்கிவிட்டாள். திருத்தச் சொல்ல வேண்டும் என்றாள். கட்டாயம் சொல்ல வேண்டும் என்று நானும் சொன்னேன்.

ஜூன் 8, சனி

காலை நடையின்போது அந்தப் பக்கத்தை போனில் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் காட்டவில்லை. எங்கள் நடைப்பயிற்சிக் குழுச் செயலாளர் குழந்தைவேலு என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பாங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் போனைப் படிப்பதில் கெட்டிக்காரர்.

“ஏனுங்க சார், உங்க பேரு போட்டிருக்குது. வாயே தொறக்காம இருந்திருக்கறீங்க” என்றார்.

மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் டீ வந்துவிட்டது. டீ குடித்து முடிப்பதற்குள் பதினான்கு பேர் கை குலுக்கிவிட்டார்கள். பதினான்கு பேரிடமும் தனித்தனியாக மறுப்பது நடக்கிற காரியமா? இனிஷியல் ‘பெ’ என்று இருக்க வேண்டாமா, ‘எம்’ என்று போட்டிருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். அச்சுப்பிழை என்று குழந்தைவேலுதான் சொன்னார். நான் சொல்லவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

மழை. திருத்தம் பற்றி மேகலா கேட்டாளாம். பார்க்கலாம் என்றாராம் பிரகலாதன்.

ஜூன் 13, வியாழன்

குழந்தைவேலு ஒரு மாலைப் பத்திரிகை நிருபரை வீட்டுக்கு அழைத்து வந்தார். நான் கண்டுபிடித்தேன் என்று நான் சொல்லவே இல்லை என்பதை இங்கே தெளிவாகப் பதிவு செய்கிறேன். இந்த யோசனை எப்படித் தோன்றியது என்று அவர் கேட்டார். ஈய முத்திரைக் கீறல் கதையைச் சொன்னேன். கேட்டதற்குப் பதில் சொல்வது மரியாதை. எத்தனை வருட உழைப்பு என்று கேட்டார். முப்பத்திரண்டு வருட சர்வீஸ் என்றேன். அதுவும் உண்மைதான்.

டீ கொண்டுவந்த சுலோசனா, மேகலா பெயரும் வருமா என்று கேட்டாள். மேகலா யார் என்றார் நிருபர். என் பெண், அவளும் இதே லைனில்தான் இருக்கிறாள் என்றேன். சுலோசனா அவருக்கு மட்டும் டீயை வைத்துவிட்டு என் டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சர்க்கரை போட மறந்திருப்பாள்.

ஜூன் 16, ஞாயிறு

வந்துவிட்டது. மூன்றாம் பக்கம், போட்டோவோடு. ‘அறுபத்தேழு வயதில் அறிவியல் சாதனை: வடவள்ளி ரத்தினசபாபதியின் புதுக் கண்டுபிடிப்பு’. பன்னிரண்டு பிரதி வாங்கினேன்.

மேகலா நின்றபடியே படித்தாள். படித்துவிட்டு, “போட்டோ நல்லா இருக்குதுங்கப்பா” என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஜூன் 18, செவ்வாய்

முப்பதாம் தேதி எனக்குப் பாராட்டு விழா, சமுதாயக் கூடத்தில். பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். பத்து அடி அகலம் என்று குழந்தைவேலு சொன்னார். டேப் வைத்து அளந்தேன். ஒன்பதே கால்தான்.

ஜூன் 24, திங்கள்

மேகலா மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். சாப்பிடவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, ஆபீஸில் ரிப்போர்ட் கொடுப்பதைப் போல வரிசையாகச் சொன்னாள்.

பிரகலாதன் அந்தப் பத்திரிகைச் செய்தியை வெட்டி நிர்வாகத்துக்கு அனுப்பியிருக்கிறார். ‘ரத்தினசபாபதி என்ற பெயரில் நம் கம்பெனியில் ஆளே கிடையாது. வடவள்ளியில் ஒரு வெளியாள் அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாடிப் பேட்டி கொடுத்திருக்கிறார். வெளியாள் பெயர் இருந்தால் காப்புரிமையே நிலைக்காது. அதை நீக்கிவிட்டு என் ஒருவன் பெயரை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.’ நான்கு வருட வேலை இவளுடையது. ஆனால் காகிதத்தில் இவள் ஒரு ‘எம்’ மட்டும்தான், அதுவும் எனக்கு இனிஷியலாகப் போய்விட்டது. ஜூலை மூன்றாம் தேதி சென்னையிலிருந்து கம்பெனி வக்கீல் வந்து விசாரிக்கிறார். அன்றைக்கு முடிவாவதுதான் காப்புரிமை அலுவலகத்துக்குப் போகும். அதற்குப் பிறகு பேச்சில்லை.

நான் ஒரு வாக்குமூலம் தர வேண்டுமாம். கண்டுபிடித்தது நான் இல்லை, அந்த இடத்தில் இருப்பது என் மகள், பேட்டியில் நான் சொன்னது தவறு. டைப் செய்தே கொண்டு வந்திருந்தாள்.

“கையெழுத்துப் போடுங்கப்பா.”

“போடறேன் கண்ணு. ஞாயித்துக்கிழமை விழா ஒண்ணு முடிஞ்சுரட்டும். மூணாந்தேதிதானே கேக்கறாங்க?”

“விழா யாருக்குங்கப்பா?”

பதிலுக்குக் காத்திருக்காமல் மாடிக்குப் போய்விட்டாள். விழாவை முன்னிட்டு எழுபது பேருக்குச் சாப்பாடு சொல்லியிருக்கிறார்கள். நான் என்ன செய்ய முடியும் என்று புரியவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

மேகலா பேசவில்லை. சாம்பாரில் உப்பு இல்லை. கேட்டேன். குறையிருந்தால் பத்திரிகையில் பேட்டி கொடுங்கள் என்றாள் சுலோசனா.

ஜூன் 26, புதன்

விழாவுக்கு ஏற்புரை தயாரித்தேன். ‘இந்தக் கண்டுபிடிப்பு’ என்று ஆரம்பித்தால் அடுத்த வரி வர மாட்டேன் என்கிறது. ஏழு தாள் கிழித்தேன்.

பதிவுத் தபாலில் ஒரு தடித்த உறை வந்தது, கம்பெனி வக்கீலிடமிருந்து, விசாரணைக் காகிதங்கள், என் பெயருக்கு. பிரித்துப் பார்க்காமல் அலமாரியில் வைத்தேன். கண்ணாடி சுத்தமாக இல்லை.

ஜூன் 28, வெள்ளி

இன்று கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

காலை பத்து மணிக்குக் கரண்ட் போனது. டிவி இல்லை. ஏற்புரைக்கு நாலு தொழில்நுட்ப வார்த்தையாவது கிடைக்கும் என்று அந்த உறையைப் பிரித்தேன். உள்ளே வெளியான விண்ணப்பத்தின் நகல், நாற்பத்தொரு பக்கம். பிரகலாதனின் வாக்குமூலம். அதோடு அவர் இணைத்த அளவீட்டுப் பதிவேடு.

விண்ணப்பத்தை இதற்கு முன் முழுக்கப் படித்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதல் பக்கத்தில் பெயர் இருக்கும் இடத்தை மட்டும் பலமுறை படித்திருக்கிறேன். முப்பதாம் பக்கத்தில் ஒரு அட்டவணை ஆரம்பமாகிறது. 2022 பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை, ஒரே படிக்கல்லைத் தினமும் காலை 6.40க்கு இருபது தடவை நிறுத்த கணக்கு. ஏசி போட்டு அறை சூடு மாறுவதற்கு முன்னால் நிறுக்க வேண்டும், அதனால் அந்த நேரம். ஞாயிறும் உண்டு, பண்டிகையும் உண்டு. சித்திரை முதல் நாள், 6.40. அன்று காலை கனி பார்க்க எழுப்பப் போனால் அறையில் ஆள் இல்லை, நல்ல நாளும் பொழுதுமாக எங்கே போய்த் தொலைந்தாள் என்று சத்தம் போட்டது நான்தான். ஆடிப்பெருக்கு, 6.40. அன்றும் சத்தம் போட்டிருப்பேன். எனக்கு எண்களைப் படிக்கப் பிடிக்கும். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தேன்.

ஜூலை 11 முதல் 21 வரை எண்ணே இல்லை. பதினொரு வரி வெறும் கோடு. கீழே பொடி எழுத்தில், ‘அளவிடுபவர் விடுப்பில்’ என்று இருந்தது.

பிரகலாதனின் வாக்குமூலத்தை எடுத்தேன். எல்லா அளவையும் தாமே எடுத்ததாகவும், எட்டு மாதத்தில் ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை என்றும் எழுதியிருந்தார். அவர் கொடுத்த பதிவேட்டில் அந்தப் பதினொரு நாளும் நிரம்பியிருந்தன. நாளுக்கு இருபது வீதம், அழகான எண்கள். கள்ளப் படிக்கல்லைக் கையில் வாங்கியதும் உள்ளங்கை சொல்லிவிடும். அதேதான் இப்போதும்.

பரணில் ஏறி 2022 டைரியை எடுத்தேன். ஜூலை 10: ‘நெஞ்சில் லேசான வலி. வாய்வு.’ அதற்கப்புறம் பதினொரு பக்கம் வெறுமை. ஜூலை 22: ‘வீடு வந்தேன். ஸ்டென்ட் ஒன்று. மேகலா ஆஸ்பத்திரியில் எந்நேரமும் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள்.’

நான் எழுதாத பதினொரு நாளும் அவள் நிறுக்காத பதினொரு நாளும் ஒரே நாட்கள். ஐந்து மாதமாக ஒருநாள் விடாமல் எடுத்த கணக்கை விட்டுவிட்டு என் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். விட்டது போகிறது என்று பொய்யாக நிரப்பவும் இல்லை, கோடு போட்டு வைத்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இதை இதைவிட நாசூக்காக எழுத எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் மேகலா வந்ததும் விண்ணப்ப அட்டவணையையும் பிரகலாதனின் பதிவேட்டையும் என் டைரியையும் திறந்து மேஜையில் வைத்தேன். அவள் டைரியை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு லேப்டாப்பை எடுத்து வந்து, வக்கீல் மின்னஞ்சலில் அனுப்பியிருந்த பிரகலாதனின் கணக்கை அதற்குள் போட்டாள். குறி இருக்கிறதா என்று சோதிக்கிற அவளுடைய சொந்த புரோகிராம் அது. வரிசையாகப் பச்சை ஓடியது. ஜூலை 11 வந்ததும் சிவப்பு. பதினொரு நாளும் சிவப்பு, 22ஆம் தேதியிலிருந்து மறுபடி பச்சை.

“பச்சையெல்லாம் நான் நிறுத்ததுங்கம்மா. சிவப்புல தராசு நிறுக்கவே இல்லை. கையில தட்டியிருக்காரு” என்று அவள் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். எனக்கும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் தேதி நானே நேரில் வருகிறேன், வக்கீல் முன்னாலேயே எழுதித் தருகிறேன் என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள். விழாவுக்குப் போக வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை, போகிறேன் என்று நானும் சொல்லவில்லை. சாம்பாரில் உப்பு இருந்தது.

ஜூன் 30, ஞாயிறு

போனேன். போகாமல் போனில் சொல்லிவிடலாம்தான், ஆனால் எழுபது பேரிடம் பரவிய தப்பை எழுபது பேர் முன்னால்தான் அடிக்க வேண்டும் என்று தோன்றியது. மைக் கிடைத்ததும் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டேன். இதை நான் கண்டுபிடிக்கவில்லை, என் மகள் மேகலா கண்டுபிடித்தாள், எனக்கு அந்தத் தராசை ஆன் செய்யக்கூடத் தெரியாது.

பலமான கைதட்டல். குழந்தைவேலு மைக்கை வாங்கி, எவ்வளவு பெரிய மனுஷன் பாருங்க, பெத்த பொண்ணுக்கு எல்லாப் பெருமையும் தூக்கிக் குடுக்கறாரு, இதுதான் தன்னடக்கம் என்றார். இல்லை, உண்மையாகவே நான் இல்லை என்று கத்தினேன். கைதட்டல் இன்னும் கூடியது. இரண்டு பேர் எழுந்தே நின்றுவிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள், கழற்றக் கழற்றப் போர்த்தினார்கள். பொய்யை ஒரே காலையில் நம்பியவர்கள் உண்மையை எத்தனை தடவை சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். மத்தியானம் வடை நன்றாக இருந்தது. இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

வரும் வழியில் பஸ் ஸ்டாப் ஃபிளெக்ஸை அவிழ்க்கச் சொல்லி ஆட்டோக்காரரிடம் உதவி கேட்டேன். அது யாரோ பெரிய ஆள் சார், கை வைத்தால் பிரச்சினை ஆகிவிடும் என்றார். பக்கத்தில் நிற்கும் என் முகத்தைப் பார்த்தும் அவருக்குத் தெரியவில்லை. நானே அவிழ்த்தேன்.

ஜூலை 3, புதன்

மேகலாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து கம்பெனிக்குப் போனேன். வடவள்ளியிலிருந்து சரவணம்பட்டி வரை பதினேழு கிலோமீட்டர். இந்தத் தூரத்தை விடிகாலையில் எட்டு மாதம் போயிருக்கிறாள்.

வக்கீல் ஒரு பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். கேட்பதைச் சுருக்கமாகக் கேட்டார். பிரகலாதன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார், பேட்டி அருமை என்றார். நான் டைரியைத் திறந்து வக்கீல் முன்னால் வைத்தேன். மேகலா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். பச்சை, சிவப்பு, பச்சை. மேகலாவின் விடுப்பு நாட்களை வருகைப் பதிவேட்டில் பார்க்கச் சொன்னார் வக்கீல். அதே பதினொரு நாள்.

பிரகலாதன் கண்ணாடியைத் துடைத்தார். இடையில் சில நாள் குறிப்பு தவறிப்போனது, அதை ஞாபகத்திலிருந்து எழுதினேன் என்றார்.

“எடையவா?” என்று கேட்டார் வக்கீல்.

பிரகலாதன் கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். அவர் பெயர் விண்ணப்பத்தில் இருக்கலாமா வேண்டாமா என்பதை நிர்வாகம் தனியாக முடிவு செய்யும் என்று சொல்லிவிட்டு, வக்கீல் என் பக்கம் திரும்பினார். நான் வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி என் கையாலேயே எழுதினேன். பேட்டியில் சொன்னது தவறு. கண்டுபிடித்தது மேகலா. கிடைத்த பெயரை நானாகவே எடுத்துப் போட்டுக்கொண்டேன். கடைசி வரியை எழுத மட்டும் அதிக நேரம் பிடித்தது. வயதாகிவிட்டது என்று சொல்லலாம், ஆனால் அது காரணம் இல்லை.

திருத்தப் படிவத்தில் பெயரை எப்படிப் போடுவது என்று வக்கீல் மேகலாவைக் கேட்டார். அப்பா பெயர் இருந்தால் மறுபடியும் குழப்பம் வரும், மேகலா என்று மட்டும் போட்டாலும் செல்லும் என்றார். மேகலா என்னைப் பார்த்தாள். பத்து நாளில் அவள் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

“மேகலான்னே போட்டுருங்கம்மா. அது போதுமுங்க” என்று நான் சொன்னேன். யாராவது மறுத்துச் சொல்வார்கள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். யாரும் மறுக்கவில்லை.

கடைசியாக ஒரு அச்சடித்த தாள் வந்தது. பெயர், வயது, முகவரி எல்லாம் நிரப்பினேன். ‘இந்தக் கண்டுபிடிப்பில் உங்கள் பங்கு’ என்று கீழே ஒரு கட்டம் இருந்தது. ரொம்ப நேரம் யோசித்து, ‘பதினொரு நாள் வேலை என்னால் நின்றது’ என்று எழுதினேன். மேகலா குனிந்து படித்தாள். படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாளா வேறு எதையாவது அடக்கினாளா என்று நான் பார்க்கவில்லை, எனக்கே கண் சரியாகத் தெரியவில்லை.

“அது பங்கு இல்லீங்கப்பா. அது நான் எடுத்த லீவு” என்றாள்.

அந்த வரியை அடித்தேன். அடித்த இடத்தில் முறைப்படி சுருக்கொப்பம் வைத்தேன். பக்கத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன்.